அழைக்காமல் பேசும் மோடமும் ஒற்றைச் சீரியல் போர்ட்டும்

கிணற்று மோட்டாரைக் குறுஞ்செய்தியால் இயக்கும் பெட்டி ஒன்றை ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையைக் கொண்டு செய்திருந்தேன். அதில் கைபேசி வலையில் குறுஞ்செய்தி வாங்கும் ஒரு ஜிஎஸ்எம் மோடமும், ஆர்எஸ்-485 கம்பியில் மாட்பஸ் நெறிமுறைப்படி பேசும் ஒரு மின்மீட்டரும் இருந்தன. இரண்டுக்கும் சீரியல் போர்ட், அதாவது தரவைப் பிட் பிட்டாக அனுப்பிப் பெறும் வாயில், வேண்டும். பிழை பார்ப்பதற்காகக் கணினிக்கும் ஒன்று வேண்டும். ஊனோவின் ஏடிமெகா328பி சில்லில் இருப்பதோ ஒரே ஒரு யூஆர்ட், அதாவது சீரியல் போர்ட்டை இயக்கும் வன்பொருள். அதுவும் 0, 1 ஆகிய பின்கள் வழியாக யூஎஸ்பி சில்லுடன் பிணைந்திருப்பதால், அங்கே மோடத்தைச் செருகினால் நிரலை ஏற்றும் ஒவ்வொரு முறையும் கம்பியைப் பிடுங்க வேண்டியிருக்கும்.

எல்லோரையும் போல நானும் முதலில், சாதாரணப் பின்களையே நிரலால் சீரியல் போர்ட்டாக்கும் சாஃப்ட்வேர்சீரியல் நூலகத்தை நாடினேன். மோடத்துக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று என இரண்டு போர்ட்டுகளை உருவாக்கினேன். மேசையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தோட்டத்தில் வைத்த பிறகுதான், அனுப்பிய செய்திகளில் சில வந்து சேராமல் போகத் தொடங்கின. சிக்னல் குறைவு என்று முடிவுகட்டி ஆன்டெனாவை மூன்று இடங்களுக்கு மாற்றினேன். மூன்றாவது இடம் மோட்டார் அறையின் ஓட்டுக்கு மேல். குற்றம் ஆன்டெனாவில் இல்லை.

9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோவினாடி. தொடக்க பிட், எட்டுத் தரவு பிட்டுகள், முடிவு பிட் எனப் பத்தும் சேர்ந்த ஒரு பைட்டுக்கு ஒரு மில்லிவினாடிக்குச் சற்று மேல் ஆகிறது. சாஃப்ட்வேர்சீரியல் இந்த நேரத்தை யூஆர்ட் இல்லாமல், செயலியே எண்ணி எண்ணிக் கழிக்கிறது. அதுவரை மற்ற இன்டரப்ட்டுகள், அதாவது செயலியைக் கூப்பிடும் அவசர அழைப்புகள், வாசலில் நிற்கும். இதைவிடப் பெரிய தடை, எத்தனை போர்ட்டுகளை உருவாக்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் காது கொடுக்கும் என்பதாகும். மீட்டரைக் கேட்கத் திரும்பும் கணத்தில் மோடம் சொல்வது காற்றோடு போகிறது. போதாக்குறைக்கு, பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் அதுவரை சேர்ந்திருந்ததும் அழிந்துவிடுகிறது.

மீட்டர் கேட்டால்தான் பதில் சொல்லும். எப்போது கேட்பது என்பது நம் கையில் இருக்கிறது. மோடமோ குறுஞ்செய்தி வந்த நொடியில், யாரும் கேட்காமலே பேசிவிடும். ஆகவே எத்தனை போர்ட்டுகள் வேண்டும் என்று எண்ணுவதற்கு முன், எந்தக் கருவி அழைக்காமல் பேசும் என்று பார்த்திருக்க வேண்டும். ஜிபிஎஸ் தொகுதியும் இந்த இனம்தான். நொடிக்கொரு முறை தானாகவே வாக்கியங்களைக் கொட்டும்.

புதிதாகத் தொடங்குபவர் நான்கு யூஆர்ட்டுகள் கொண்ட மெகா 2560 பலகையையோ, மூன்று கொண்ட ஈஎஸ்பி32 பலகையையோ எடுப்பதே நல்லது. ஈஎஸ்பி32இல் இரண்டாம் யூஆர்ட்டின் (எண் 1) இயல்பான பின்களான 9, 10 இரண்டும் ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போவதால், அதை வேறு பின்களுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கோ பெட்டியில் துளைகள் போட்டாகிவிட்டது. ஊனோவை விட மனமும் இல்லை.

எனவே என்எக்ஸ்பி நிறுவனத்தின் எஸ்சி16ஐஎஸ்752 சில்லை வாங்கினேன். சில்லுகள் தமக்குள் பேசும் ஐ2சி அல்லது எஸ்பிஐ கம்பிகள் வழியாக இணையும் இந்தச் சில்லில் இரண்டு யூஆர்ட்டுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வரவுக்கு 64 பைட்டும் செலவுக்கு 64 பைட்டுமாகத் தனித்தனி வரிசை நினைவகம் இருப்பதால், செயலி வேறு வேலையில் இருந்தாலும் வருவது அங்கே காத்திருக்கும்.

இதிலும் இரண்டு மாலைகள் வீணாயின. முதல் மாலை, ஐ2சி முகவரியால். தரவுத்தாள் பதினறும முறையில் 90 என்று சொல்வது, படிப்பதா எழுதுவதா என்று காட்டும் கடைசி பிட்டையும் சேர்த்த எட்டு பிட் கணக்கு. ஆர்டுயினோவின் ஏழு பிட் கணக்கில் அது 48 ஆகும். இரண்டாம் மாலை, சில்லுக்குக் கடிகாரத் துடிப்பைத் தரும் படிகத்தால். நான் எடுத்தாண்ட நிரல் 14.7456 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை எதிர்பார்த்து, 9600 பாட் வேகத்துக்கு, துடிப்பை வகுத்து வேகத்தை அமைக்கும் 96 என்ற வகுஎண்ணை எழுதியது. என் பலகையில் இருந்ததோ 1.8432 மெகாஹெர்ட்ஸ், அதாவது எட்டில் ஒரு பங்கு. போர்ட் 1200 பாட் வேகத்தில் முனகிக்கொண்டிருந்தது. படிகத்தின் உலோக மூடியிலேயே எண் பொறிக்கப்பட்டிருந்ததை உருப்பெருக்கியில் பார்த்த பிறகு, வகுஎண்ணை 12 ஆக்கினேன்.

குறுஞ்செய்தி முழுதாக வந்தால் 64 பைட்டுக்குள் அடங்காது. ஆகவே செய்தியை சிம் அட்டையில் வைத்துக்கொண்டு, அது இருக்கும் இடத்தின் எண்ணை மட்டும் சொல்லும்படி மோடத்தை அமைத்தேன். அந்த அறிவிப்பு இருபது பைட்டைத் தாண்டுவதில்லை. செய்தியைப் படிப்பது பிறகு, நிரலுக்குக் கை ஒழிந்தபோது.

மீட்டரின் பக்கத்தில் எதிர்பாராத ஒரு வசதி கிடைத்தது. ஆர்எஸ்-485இல் அனுப்புவதா பெறுவதா என்று திசை மாற்றும் வேலையை, ஆர்டிஎஸ் பின் வழியாகச் சில்லே பார்த்துக்கொள்கிறது. ஆர்எஸ்-485 கம்பியை இயக்கும் மேக்ஸ்485 சில்லுக்கு ஏற்ப அந்தப் பின்னின் முனைமையைத் தலைகீழாக்கும் பிட்டை மட்டும் ஏற்ற வேண்டும். சாஃப்ட்வேர்சீரியலுக்குப் பாரிட்டி எனும் பிழைகாண் பிட் தெரியாது என்பதால் மீட்டரில் மாற்றி வைத்திருந்த அமைப்பையும், மாட்பஸ் இயல்பாக எதிர்பார்க்கும் ஈவன் பாரிட்டிக்கே திருப்பிவிட்டேன்.

சில்லின் இன்டரப்ட் பின்னை இன்னும் இணைக்கவில்லை. நிரல் 20 மில்லிவினாடிக்கு ஒரு முறை வரிசையை எட்டிப் பார்க்கிறது. 64 பைட் நிரம்ப 66 மில்லிவினாடிக்கு மேல் ஆகும் என்பதால் இப்போதைக்கு அது போதுமானதாக இருக்கிறது. ஆன்டெனா மட்டும் இன்னும் ஓட்டின் மேலேயே இருக்கிறது.