வீட்டுக்குச் சக்கரம் மாட்டப் போன கதை

ஓய்வு பெற்ற மூணாவது வாரம். வீட்டம்மா தரை துடைத்துக்கொண்டு வரும்போதெல்லாம் கால் இரண்டையும் சோபாவில் தூக்கி வைத்துக்கொண்டு யூடியூப் பார்ப்பதுதான் என் முழுநேர உத்தியோகம். எழுபது வயது வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று, வீட்டை விற்றுவிட்டு மோட்டார்ஹோமில், அதாவது கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியில் குடியேறி ஊர் ஊராகச் சுற்றுகிறது. ஏரிக்கரை, மடக்கு நாற்காலி, கையில் காப்பி. நாலு வீடியோவில் முடிவு பண்ணிவிட்டேன்.

வீட்டம்மாவிடம் சொன்னேன். அவள் 31 வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். கத்தவில்லை, சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து மூக்குக் கண்ணாடியைப் போட்டாள். கத்தியிருந்தால்கூடத் தேவலாம்.

"இங்கேயே சுத்தப் போறோமா, வெளியூரா?"

இங்கே, சிங்கப்பூரில், என்றால் பேச்சே இல்லை. தீவு குறுக்கே சுமார் 50 கிலோமீட்டர். கிழக்குக் கோடிச் சாங்கியில் பொட்டலம் கட்டிய காப்பி-ஓ (பால் இல்லாத காப்பி) ஆறுவதற்குள் மேற்குக் கோடித் துவாஸ் வந்துவிடும், அப்புறம் திரும்பச் சாங்கிதான். வண்டி விலைக்கு முன்னால், ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் வேறு. 2023 அக்டோபரில் பொதுப் பிரிவில் அது 158,004 வெள்ளிக்குப் போனது. பத்து வருஷத்துக்கு ஒரு காகிதம். எங்கள் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் உயர வரம்பு இரண்டு மீட்டர் சொச்சம். வண்டி கிட்டத்தட்ட மூணு மீட்டர்.

"மலேசியா போகலாமே. கடற்பாலத்துல ஜாம்னாலும் வண்டிக்குள்ளயே பாத்ரூம் இருக்கு" என்றேன். உலகத்தில் மோட்டார்ஹோமுக்கு உண்மையான அவசியம் இருக்கும் இடம் பள்ளி விடுமுறை வெள்ளிக்கிழமை சாயங்காலத்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிதான் என்பது இன்றைக்கும் என் கருத்து. அவள் நோட்டில் எழுதினாள்: மலேசியா, 30 நாள். அதுக்கு மேல் விடமாட்டான்.

"சரி, நியூசிலாந்து."

"மூணு மாசம்."

"ஆஸ்திரேலியா?"

"அங்கேயும் ஒரு தடவை போனா மூணு மாசம்தான். நம்ம வீவக அரசாங்க வீட்டை முழுசா வாடகைக்கு விட்டா குறைஞ்சது ஆறு மாசம் விடணும். மூணும் மூணும் ஆறு, மலேசியா ஒண்ணு, ஏழு. சரியா வருது."

எனக்கே ஆச்சரியம். சம்மதித்துவிட்டாளோ என்று பார்த்தால், பேனாவை மூடாமல் கேட்டாள்: "மூணு ஊருக்கும் மூணு வண்டி வாங்குவீங்களா, இல்ல கடல்ல ஓட்டுவீங்களா?"

அப்படியும் விடவில்லை. சோதனை ஓட்டம் என்று சொல்லி நியூசிலாந்துத் தென்தீவில் ஒன்பது நாள் ஒரு வாடகை வண்டி எடுத்தோம். அந்தத் தீவுக்குள் சிங்கப்பூர் மாதிரி இருநூறு அடங்கும். நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். முதல் நாள் மிதப்பில்தான் இருந்தேன்.

இரண்டாம் நாள் ராத்திரி டெக்காப்போ ஏரிக்கரையில், குளிருக்கு இதமாக ரசம் வைத்தாள். அடுப்புக்கும் கட்டிலுக்கும் மூணு எட்டு. கடுகு வெடித்ததும் கூரையிலிருந்த புகை அலாரம் அலறியது. நான் துண்டை எடுத்து விசிற, அவள் ஜன்னலைத் திறக்க, எதிர்வண்டியில் விளக்கு எரிந்தது. ரசம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று போட்ட பெருங்காயம் ஒன்பதாம் நாள் வரைக்கும் தலையணையில் இருந்தது. வீடியோத் தம்பதி ரொட்டியும் சாலட்டும் மட்டுமே சாப்பிடுவதை அப்போதுதான் யோசித்தேன்.

அடுத்தது கழிவறைப் பெட்டி. எந்த ஏரிக்கரை வீடியோவிலும் இதைக் காட்டுவதில்லை. வண்டிக்கு வெளிப்பக்கம் சின்னக் கதவு, அதைத் திறந்து இழுத்தால் இருபது லிட்டர் பக்கம் பிடிக்கும் ஒரு பெட்டி. விமானத்தில் கையோடு கொண்டுபோகிற பெட்டி மாதிரி அதற்குச் சக்கரமும் கைப்பிடியும் உண்டு. உருட்டிக்கொண்டு போய்க் கழிவு கொட்டும் இடத்தில் கவிழ்க்க வேண்டும். மேலே ஒரு பொத்தான். கவிழ்க்கும்போது அதை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் காற்று உள்ளே போய் ஒழுங்காக இறங்கும். அழுத்தாவிட்டால் 'களக் களக்' என்று எகிறும். வண்டி கொடுத்த பையன் சொல்லித்தான் கொடுத்தான். நான் அந்த நேரம் மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கால்சட்டை நியூசிலாந்திலேயே இருக்கிறது.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர்க் குழாயை என் பக்கம் திருப்பினார். ஆறு வருஷமாக மனைவியோடு வண்டியிலேயே வாழ்கிறவர். அன்று சாயங்காலம் நாங்கள் மசாலா டீ போட்டுக் கொடுத்து அவர் கதையைக் கேட்டோம். கூரை இணைப்பில் ஊசி நுழையாத இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே மரம் ஊறி, கண்ணுக்குத் தெரிந்தபோது பாதிச் சுவர் போயிருந்ததாம். டயர் தேயாமல் அப்படியே இருந்தாலும் வயதானால் மாற்றித்தான் ஆகணுமாம். கடிதம் வர ஒரு முகவரி வேண்டும், அதுக்குத் தங்கை வீடு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொன்னார்: வண்டி பட்டறைக்குப் போனால் வீடும் கூடவே போய்விடும். ஒரு உதிரிப் பாகத்துக்காகப் பதினோரு நாள் பட்டறை வாசலிலேயே நிறுத்தி, அதற்குள்ளேயே படுத்திருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குப் பக்கத்தில் சுத்தியல் சத்தம்.

"வித்த வீட்டு விலை இப்போ ஏறிடுச்சு, வண்டி விலை இறங்கிடுச்சு" என்று சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

விமானத்தில் நோட்டு திரும்பவும் வெளியே வந்தது. நியாயஸ்தி. நாங்கள் கொடுத்த வண்டி வாடகையை அடித்துவிட்டு, சொந்த வண்டி என்று வைத்தே போட்டாள். மின்சாரத்தோடு நிறுத்தும் இடம் ராத்திரிக்கு 60 நியூசிலாந்து வெள்ளி சொச்சம் ஆனது, மாதம் 1,800. டீசல் தனி. டீசல் வண்டிக்கு ஓடின கிலோமீட்டருக்குச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் தனி. காப்புறுதி, பழுது, டயர்.

"இலவசமா நிறுத்தற இடமும் இருக்கே?"

"இருக்கு. 2023 சட்டப்படி அதுக்குக் கழிவறை வண்டியோட பொருத்தியிருக்கணும், சான்றிதழ் வேணும். பெட்டி மூணு நாள்தான் தாங்கும். கொட்டப் போறது யாரு?"

பதில் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தில் என் சர்க்கரை. பலதுறை மருந்தகத்தில் மூணு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. அரசாங்க மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குக் கொடுக்காது, பயணக் காப்புறுதி வயதுக்குத் தக்க ஏறும். மொத்தத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, 65 வயதில் எனக்கு வரப்போகிற மசேநிதி (மத்திய சேம நிதி) மாதத் தொகையைப் பக்கத்தில் எழுதினாள். வேண்டுமென்றே சின்ன எழுத்தில்.

திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் எஸ்பி சர்வீசஸ் மின்சார பில்லைத் தேடும்போது அந்த நோட்டு கையில் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில், அவள் கையெழுத்தில், தேதி இல்லாமல் மூணே வரி:

வருஷத்துக்கு ஒரு தடவை, மூணு வாரம். வாடகை வண்டி.

தாளிக்க வெளியே தனி அடுப்பு.

பெட்டி — அவர். (பொத்தான்!)