வலது செக்கன், வெட்டாதே

ஏப்ரல் 3, வியாழன்

மீபிலிமானையில் கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு ஹட்டன் வந்து சேர ஆறரை. நுவரெலியாவில் சீசன் தொடங்கிவிட்டது, கொழும்பு வாகனங்கள் வரிசை வரிசையாக ஏறி வருகின்றன. வழி நெடுக அப்பா வாய் ஓயவில்லை. "முடக்கு வருது புள்ள. ஹோர்ன் அடி. பிரேக்க இப்பவே மிதிக்காத." முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து லொறி ஓட்டியவர். முழங்கால் விட்டுப்போனதில் இருந்து இடது பக்க சீட்டுதான். நான் லைசன்ஸ் எடுத்து ஏழு மாதம். அவர் கண்ணுக்கு இன்னும் எல் போர்ட் தொங்குகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

லோட் இல்லை. ராத்திரி ஃபோனில் பழைய கார் ரேலி வீடியோக்கள். இடது பக்கத்தில் அப்பா செய்யும் வேலைக்கு அங்கே ஒரு பதவியே இருக்கிறது! கோ டிரைவர். ஒரு வித்தியாசம்: அவர்கள் முதலிலேயே அந்தப் பாதையில் மெதுவாகப் போய், ஒவ்வொரு முடக்கையும் கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். போட்டியன்று பக்கத்தில் இருப்பவர் அதை வாசிப்பார். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியும் முடக்கில் காரைத் திருப்பும்போது காதில் விழுவது அடுத்த முடக்கு.

மிஷேல் மூட்டோன் என்ற பிரெஞ்சுக்காரி இந்த வாசிக்கிற சீட்டில் தொடங்கியவர்தான். 1951இல் பிறந்தவர். 'போறதா இருந்தா நீயே ஓட்டு, கார் வாங்கித் தாறேன், ஒரு வருஷம் டைம்' என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். இதைக் காலையில் அப்பாவிடம் சொன்னேன்.

"அந்தாள்கிட்ட காசு இருந்திச்சு" என்றார்.

ஏப்ரல் 9, புதன்

தம்பி பாதியில் விட்டுப்போன சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டேன். ரேலியில் முடக்குகளுக்கு நம்பர் போடுவார்கள். பலர் எழுதும் முறையில் ஆறு என்றால் வேகமாகப் போகலாம், ஒன்று என்றால் ஊசி முடக்கு. நம்பர் எல்லாம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "கியர்ல சொல்லு, புரியும்." அதனால் எங்கள் கொப்பி இப்படி (தேட் மூன்றாம் கியர், செக்கன் இரண்டாம் கியர், வெட்டுவது என்றால் முடக்கின் உள் ஓரத்தில் ஏறிக் குறுக்கே போவது):

பெட்டிக்கடை தாண்டி இடது, தேட், போகப் போகச் சுருங்குது.
வலது செக்கன், வெட்டாதே, கானுக்கு மூடி இல்ல.
கோயில் மரம், நேர், மாடு நிக்கும்.

தலவாக்கலையில் இருந்து பத்தனைச் சந்தி வரைக்கும் மட்டும் நாலரைப் பக்கம். மாட்டை எழுதியது நான். எடுத்துவிடு, அது தினமும் நிக்காது என்றார். நான் எடுக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

தேங்காய் விலை கேட்டுப் பயந்து திரும்பியது தவிர இன்று ஒன்றுமில்லை. எனவே மூட்டோனின் 1982.

அதற்கு முந்திய வருஷம் இத்தாலியில், சன்ரெமோவில் மூட்டோன் ஜெயித்தார். உலக ரேலிச் சுற்று ஒன்றைப் பெண் ஒருவர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து சீட்டில் ஃபப்ரீசியா பொன்ஸ், அவரும் பெண். நாலு சில்லும் இழுக்கும் அவுடி குவாட்ரோ. 1982இல் போர்த்துக்கல், கிரேக்கம், பிரேசில் என்று மூன்று வெற்றி. பட்டத்துக்கு எதிரே நின்றவர் வால்டர் ரோல், அவருடைய ஓப்பலுக்குப் பின்சில்லு இழுப்பு மட்டும்தான்.

ஐவரி கோஸ்டில் ரேலி தொடங்கும் நேரத்தில் மூட்டோனின் அப்பா இறந்துவிட்டார் என்று செய்தி. ஓடு என்று சொன்னது அம்மா. ஓடினார். முன்னாலும் நின்றார், ரோல் வெகு தூரம் பின்னால். பிறகு வண்டி படுத்தி நேரத்தை எல்லாம் தின்றது, கடைசியில் காரும் பிரண்டது. பட்டம் ரோலுக்கு. மூட்டோனுக்கு இரண்டாம் இடம்.

அவரை எழுதுகிறவர்கள் எல்லோரும் 'பெண்' என்பதில்தான் தொடங்குகிறார்கள், நானும் மேலே அதைத்தான் செய்திருக்கிறேன். ஆனால் எனக்கு மண்டையில் நிற்பது அந்த ஐவரி கோஸ்ட் ஓட்டம். அப்பா போன பிறகும் பக்கத்தில் இருப்பவள் வாசிக்கும் முடக்கைக் கேட்க வேண்டும், கேட்டுத் திருப்ப வேண்டும்.

அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. பொங்கல், வடை. லொறிக்கும் மாலை.

ஏப்ரல் 17, வியாழன்

மாமா வந்திருந்தார். நுவரெலியாவில் மலைப் பாதையில் வாகனம் ஏற்றும் மகாகஸ்தோட்டப் போட்டி 1934இல் தொடங்கியதாம், சின்ன வயதில் தேயிலைக்குள் ஏறி நின்று பார்த்திருக்கிறாராம். நான் விடுவேனா? 1985இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக்கில் மூட்டோன் ஏறிய கதையை எடுத்தேன். 20 கிலோமீட்டர், 156 முடக்கு, அப்போது மண் ரோடு, முடிகிற இடம் 4,300 மீட்டர். நம்முடைய பீதுருதலாகல 2,524தான். 11 நிமிஷம் 25 செக்கனில் ஏறிப் புதிய சாதனை. மாமா வாயைத் திறந்தபடி இருந்தார். "பாரத்தோட ஏறினாளா?" என்றார் அப்பா.

அடுத்த வருஷம் மூட்டோன் ஜெர்மன் ரேலி சம்பியன். அதே 1986 மே மாதம் கோர்சிக்கா ரேலியில் ஓட்டுநர் ஹென்றி தொய்வொனனும் அவருடைய கோ டிரைவர் செர்ஜியோ கிறெஸ்டோவும் எரிந்து போனார்கள். அவர்கள் ஓட்டிய வகை ராட்சதக் கார்களைத் தடை செய்தார்கள், மூட்டோனும் நிறுத்திக்கொண்டார். பிற்காலத்தில் உலக ரேலியின் பாதுகாப்புப் பொறுப்பு அவரிடமே வந்தது.

ஏப்ரல் 19, சனி

நானுஓயா தாண்டியதும் மழை, லிந்துலையில் பனி. பொனட்டுக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அப்பா கொப்பியை விரித்து, டோர்ச் அடித்து வாசிக்கத் தொடங்கினார். "இடது தேட், சுருங்குது." சுருங்கியது. "வலது செக்கன், வெட்டாதே." வெட்டவில்லை. "கோயில் மரம், மாடு." நின்றது, குட்டியும் சேர்த்து.

சென் கிளேயர் அருவிச் சத்தம் கேட்ட பிறகு அடுத்த முடக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். டோர்ச் மடியில் எரிந்துகொண்டிருக்கிறது, கொப்பி காலடியில், அப்பாவின் தலை கண்ணாடியில் சாய்ந்திருக்கிறது. என் வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்பவில்லை. மிச்சத்தை நானே வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

கொட்டகலை தாண்டித்தான் கண் விழித்தார்.

"மல்லியப்புச் சந்தி வந்திருச்சா?"