முதலில் மழைதான்

"முதலில் மழைதான்." 2022 டிசம்பர் 22, வியாழக்கிழமை சாயங்காலம் போனில் நான் சொன்னது இது. சொன்னது ஆங்கிலத்தில், ஆனால் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் தமிழில்தான் வருகிறது, அந்தத் 'தான்' உட்பட. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை விடிகாலை நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் மழைதான் பெய்தது.

அந்தக் கிறிஸ்துமஸ் பனிப்புயலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேசிய வானிலை சேவையின் பஃபலோ அலுவலகம் இரண்டு மூன்று நாள் முன்பே 'தலைமுறைக்கு ஒருமுறை வருவது' என்று எழுதிவிட்டது. வானிலையைக் கணிக்கும் கணினி மாடல்கள் எல்லாம் ஒரே குரலில் பேசின, எங்கள் தொழிலில் அது அபூர்வம். நான் வேறு மாநிலத்தில் ஒரு தனியார் வானிலை நிறுவனத்தில் உட்கார்ந்திருந்தேன். கிறிஸ்துமஸ் டியூட்டி எப்போதும் என் தலையில்தான் விழும். உனக்குத்தான் பண்டிகை இல்லையே என்பார்கள், தீபாவளிக்கு லீவு கேட்டால் மட்டும் அது யாருக்கும் ஞாபகம் வராது. அதை விடுங்கள்.

போன் செய்தவர் பஃபலோவில் வேன் ஓட்டும் ஒரு சின்னக் கம்பெனியின் மேனேஜர் அம்மா. மூன்று குளிர்காலமாக அவர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்: எத்தனை அங்குலம் பனி, சாலை எப்போது உறையும், காற்று எத்தனை மைல் வேகம். அவர் கேட்டது, விடிகாலை ஐந்துக்கு வண்டியை எடுத்தால் பத்து மணிக்குள் எல்லாரையும் திரும்ப வீட்டில் விட்டுவிட முடியுமா என்று. நான் சொன்னேன்: "முதலில் மழைதான். எட்டு, ஒன்பது மணி வாக்கில் காற்று வலுக்கும், மழை பனியாகும், பத்துக்கு மேல் எதிரே எதுவும் தெரியாது." "அப்போ காலையில் பரவாயில்லை?" "காலையின் முதல் பகுதி, பரவாயில்லை." போன மாதம் ஆறு அடி பனி பார்த்தாயிற்று, இது நாலு அடிதானே என்றார். நவம்பரில் பஃபலோவுக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க் பக்கம் விழுந்ததைச் சொன்னார். அது வேறு, இது வேறு, இதில் அங்குலத்தைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள் என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் அனுப்பிய அறிக்கையின் முதல் வரியிலும் அங்குலம்தான் இருந்தது, வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பது அதைத்தானே.

போனை வைக்கப் போகும் நேரத்தில், "டயாலிசிஸ் பேஷண்டுகள், அதனால்தான் கேட்கிறேன்" என்றார்.

நான் "ஓ" என்றேன். அப்புறம் பண்டிகை வாழ்த்து சொல்லிக்கொண்டோம்.

மூன்று வருஷம் அந்த வேன்களில் ஏர்போர்ட் பயணிகள் போகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யார் சொன்னார்கள் என்றால், யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டது. புயல் வருவது திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். அன்றே "வண்டியில் யார் போகிறார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முறையை வியாழனுக்கே முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். புயலுக்கு முன் அப்படி முன்னால் தள்ளிக்கொள்வது டயாலிசிஸ் மையங்களில் உள்ள வழக்கம்தான் என்று பிறகு தெரிந்தது. அந்த "ஓ"வுக்குப் பதிலாகவாவது அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த மையத்தில் நாற்காலி காலியாக இருக்கும்? அதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது என் வேலையா? எங்கள் சீனியர் ஒருவர் அடிக்கடி சொல்வார், நாம் விற்பது வானிலையை, முடிவை அல்ல என்று. பல நாள் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

வெள்ளி விடிகாலை நாலு மணியிலிருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டொலீடோ, கிளீவ்லாந்து, ஈரி என்று ஒவ்வொரு ஊராக வெப்பநிலை படிக்கட்டில் உருட்டிவிட்ட மாதிரி விழுந்துகொண்டே வந்தது. ஈரி ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக 240 மைல் நீளம். இன்னும் உறையாத தண்ணீர். காற்று அந்த நீளம் முழுக்க ஓடி ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும் இடம் பஃபலோ. கிளீவ்லாந்தில் காற்று மாறியபோதே கூப்பிட்டு, கணிப்பு மாறவில்லை, ஆனால் வண்டியை எடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். வேன்கள் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்திருக்கும். கூப்பிடவில்லை. கணிப்பு மாறவில்லையே.

எதிரே எதுவும் தெரியாமல் போனது நான் சொன்னதற்கு அரை மணி நேரம் முன்னால். எங்கள் கணக்கில் அது பிழையே இல்லை. மாவட்ட நிர்வாகம் 9:30க்கு வாகனத் தடை போட்டது, முக்கால் மணி நேரம்கூட அவகாசம் தராமல். அதைப் பலரும் திட்டினார்கள். நான் திட்டவில்லை, எந்த முகத்தோடு திட்டுவது.

நோயாளிகள் நாலு பேரும் மையத்திலேயே தங்கிவிட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவர்தான். டீசல் போடப் போனவர், திரும்பி வரும் வழியில் நாலைந்து தெரு தள்ளி மாட்டிக்கொண்டார். சூட்டுக்கு எஞ்சினை ஓட விட வேண்டும். ஓட விட்டால் புகைக்குழாயைப் பனி மூடி, புகை உள்ளே வரும். அதனால் அரை மணிக்கு ஒருமுறை இறங்கி, பின்னால் போய், கையாலேயே தோண்டியிருக்கிறார். கையுறை நனைந்து விறைத்துவிட்டது. கிட்டத்தட்ட 15 மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பார்த்து உள்ளே கூட்டிப் போயிருக்கிறார். வலது கையில் இரண்டு விரல்நுனி போய்விட்டது. அந்த வார இறுதியில் அந்த மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சிலர் அவரைப் போலவே வண்டிக்குள் இருந்தவர்கள். விரலோடு போயிற்று என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன்.

ஜனவரியில் மேனேஜர் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், ஒரு மாதிரி எதிர்பார்த்தேன் என்றே சொல்லலாம். அவர் நன்றி சொன்னார். "நீங்கள் சொன்னபடியே நடந்தது. அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் அவர்கள் கதி என்ன?" பஃபலோவில் தடை எடுக்கப்பட்டது 29ஆம் தேதி. வெள்ளி முறை தவறியிருந்தால், புதன்கிழமை சுத்திகரித்த இரத்தத்தோடு அதுவரை எட்டு நாள். அவர் சொல்வது சரிதான். அப்படியானால் என் 'தான்' நாலு பேரைக் காப்பாற்றியதா? அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டேன், அதில் டிரைவரை எந்தப் பக்கம் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அலுவலகத்தில் கணிப்பு எவ்வளவு சரி என்று போடும் மதிப்பெண், அந்தப் புயலுக்கு, அந்த வருஷத்திலேயே அதிகம்.

இப்போது புது வாடிக்கையாளர்களிடம் வண்டியில் யார் போகிறார்கள் என்று கேட்கிறேன். பாதிப் பேர் சொல்கிறார்கள். ஒருவர், "அது உங்களுக்கு எதற்கு?" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

அந்த வேன் கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. ஒரு கோரிக்கை மட்டும்: மணிக்கணக்கு போதவில்லை, இனி அரை மணிக் கணக்கில் வேண்டும். கொடுக்கிறோம்.