ஈயமில்லா பீசோ பீங்கானில் புராஜெக்ட் செய்யப் போகிறீர்களா?

எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டரில் எனக்குக் கிடைத்த தலைப்பு இது: பொட்டாசியம் சோடியம் நியோபேட் என்ற பீசோ (அழுத்தினால் மின்னூட்டம் தரும்) பீங்கானில் காப்பர் ஆக்சைடைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மின் பண்புகள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது. லேபில் இதைக் கே.என்.என். என்போம். ஈயம் கலந்த பி.இசட்.டி. (லெட் சிர்கோனேட் டைட்டனேட்) பீங்கானுக்கு மாற்றாகப் பேசப்படும் பொருள்களில் இது முக்கியமானது. 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே கே.என்.என்.னில் லித்தியம், டான்டலம், ஆன்டிமனி மூன்றையும் சேர்த்து, மணிகளை (பீங்கானில் உள்ள நுண்படிகங்களை) ஒரே திசையில் வளரச் செய்து, டி33 மதிப்பை (அழுத்தும் விசைக்கு எவ்வளவு மின்னூட்டம் கிடைக்கிறது என்ற அளவை) 416 பிகோகூலும்/நியூட்டன் வரை கொண்டுபோனார்கள். எதுவும் சேர்க்காமல் சாதாரணமாகச் சுட்ட கே.என்.என்.னில் 80 அளவுக்குத்தான் வரும்.

வைவாவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இந்த மாற்றம் காப்பர் செய்ததா, அடர்த்தி கூடியதால் வந்ததா?"

நீங்களும் இதை எதிர்பார்த்தே வேலையைத் தொடங்குங்கள். காப்பர் இரண்டு வேலை செய்கிறது. சுடும்போது திரவமாகி மணிகளுக்கு இடையே ஓடி, குறைந்த வெப்பத்திலேயே பெல்லெட்டை (பொடியை அழுத்திச் செய்த வில்லையை) இறுகவைக்கிறது. அது தவிர, நியோபியத்தின் இடத்தில் போய் உட்கார்கிறது. நியோபியத்தின் மின்னூட்டம் ஐந்து, காப்பரின் மின்னூட்டம் இரண்டு. அந்தக் குறையை ஈடுகட்ட ஆக்சிஜன் இடங்கள் காலியாகின்றன. காப்பரும் அந்தக் காலியிடமும் சேர்ந்த இணை, டொமைன் சுவர்களை (ஒரே திசையில் மின்முனைவு கொண்ட பகுதிகளின் எல்லைகளை) நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் இழப்பு குறைந்து, இயந்திரத் தரக்காரணி (அதிர்வில் ஆற்றல் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்ற அளவு) ஆயிரத்தைக்கூடத் தாண்டும். மீயொலிக் கருவிகளுக்கு வேண்டியது இதுதான். டி33 பெரிதாக ஏறவில்லையே என்று நான் இரண்டு வாரம் கவலைப்பட்டேன், அது தேவையே இல்லை.

என் முதல் பேட்ச் முழுக்க வீணானது. பொட்டாசியம் கார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சும். நான் பாட்டிலில் இருந்து அப்படியே எடுத்து நிறுத்தேன். எடையில் தண்ணீரும் சேர்ந்துகொண்டது, பொட்டாசியம் குறைந்துபோனது. பெல்லெட்டை மூன்று நாள் மேசையில் வைத்தால் உதிர்ந்தது. அப்புறம் 200 டிகிரியில் இரவு முழுவதும் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) ஆறவைத்து, உடனே நிறுத்தேன். அரைக்கும்போதும் தண்ணீர் வேண்டாம், எத்தனால் ஊற்றுங்கள். கார்பனேட்டுகள் தண்ணீரில் கரைந்துவிடும்.

சுடுவதில் இன்னொரு சிக்கல். கே.என்.என். நன்றாக இறுகும் வெப்பநிலையும் உருகத் தொடங்கும் வெப்பநிலையும் மிக நெருக்கம், அதோடு பொட்டாசியம், சோடியம் ஆகிய காரங்கள் ஆவியாகும். மூடிய குரூசிபிளில் அதே பொடியால் பெல்லெட்டை மூடிச் சுடுங்கள். எல்லாக் கலவையையும் ஒரே வெப்பநிலையில் சுட்டால் ஒப்பீடு சரி என்று நினைத்தேன். சரியில்லை. காப்பர் கூடினால் சுடவேண்டிய வெப்பம் இறங்கும், ஒரே சூட்டில் ஒன்று வேகாமலும் இன்னொன்று உருகியும் போகும். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வெப்பநிலையைக் கண்டுபிடியுங்கள். நாள் பிடிக்கும், பரவாயில்லை.

போலிங் (உயர் மின்புலம் கொடுத்து டொமைன்களை ஒரே திசைக்குத் திருப்புவது) முடிந்ததும் டி33 மீட்டரில் வைக்கும் ஆசை வரும். ஒரு நாள் பொறுங்கள், மதிப்பு நிலைப்படட்டும்.

கடைசி பேட்ச்சில்தான் ஆர்க்கிமிடீஸ் முறையில் ஒவ்வொரு பெல்லெட்டின் அடர்த்தியையும் குறித்திருந்தேன். வைவாவில் ஏறக்குறைய ஒரே அடர்த்தி கொண்ட இரண்டு பெல்லெட்டுகளின் அளவீட்டை அருகருகே காட்டினேன். காப்பர் அளவு மட்டும்தான் வேறு, தரக்காரணி தெளிவாக மாறியிருந்தது. அடுத்த கேள்விக்குப் போனார்கள்.