லோய்முலோஹி: நெருப்புக்கு எதிரே நிறுத்திச் சுடும் சால்மன்

பின்லாந்தில் ஜூன் பின்பாதியில் வரும் யுஹன்னுஸ் பண்டிகைக்கு எத்தனையோ சமைப்பார்கள். என்னைக் கேட்டால் லோய்முலோஹிக்கு ஈடு இல்லை. மீனைப் பலகையில் அறைந்து நெருப்புக்கு எதிரே நிறுத்துவார்கள். வீசும் வெக்கையிலேயே அது வெந்துவிடும். தீ நாக்கு மீனைத் தொடவே கூடாது.

தோலோடு ஒன்றேகால் கிலோ சால்மன் துண்டம் ஆறு பேருக்குப் போதும். முள்ளைப் பிடுங்கி, கல்லுப்பு ஒன்றரை மேசைக்கரண்டி தூவி ஒரு மணி நேரம் வையுங்கள். உப்பு ஊறினால் சதை இறுகும், வேகும்போது உதிராது.

பலகை ஆல்டர் அல்லது ஆஸ்பென் மரமாக இருக்கட்டும். பைன் வேண்டாம், சூட்டில் பிசின் கசிந்து மீன் கசந்துவிடும். பலகையைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள், இல்லையென்றால் ஓரம் கருகும். தோல் பக்கம் பலகையில் படியும்படி மீனை வைத்து, மர ஆணிகளை ஓரங்களில் சாய்வாக அறையுங்கள். ஆணி தோலையும் துளைத்து இறங்க வேண்டும். வெந்த சதைக்குப் பிடிமானம் கிடையாது. தோல் பிடிபடாவிட்டால் முக்கால் வேக்காட்டில் மீன் மொத்தமாகச் சாம்பலில் விழும்.

விறகுக்குக் காய்ந்த பிர்ச். முதல் கொழுந்து அடங்கி, நெருப்பு நிதானமாக எரியும்போது பலகையை நிறுத்துங்கள். மீன் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை நீட்டினால் நாலைந்து விநாடி சூடு தாங்க வேண்டும். பாதி நேரத்தில் பலகையைத் தலைகீழாகத் திருப்பி, அவ்வப்போது உப்புத்தண்ணீர் தடவுங்கள். மீனிலிருந்து வெள்ளையாகத் திரிதிரியாகக் கசிந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். உடனே தள்ளி வையுங்கள். காற்றையும் தடிமனையும் பொறுத்து முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். தடித்த இடத்தில் உள்வெப்பம் 55 டிகிரி வந்ததும் எடுத்துவிடலாம். அவசரத்துக்கு விறகைக் கூட்டினால் மேலே காய்ந்து, உள்ளே பச்சையாகவே நிற்கும்.

தொட்டுக்கொள்ளப் புது உருளைக்கிழங்கு. தோலைச் சீவாமல் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் உப்புத்தண்ணீரில் சதகுப்பைத் தண்டோடு வேகவிட்டு, வெண்ணெய் சேர்த்தால் போதும்.

பின்லாந்தில் பிறர் நிலத்தில் தீ மூட்ட உரிமையாளர் அனுமதி வேண்டும். காட்டுத்தீ எச்சரிக்கை அமலில் உள்ள நாட்களில் திறந்த நெருப்புக்கே தடை. கோடையில் இது அடிக்கடி வரும். அதனால் மீன் வாங்கும் முன்பே வானிலை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.