இம்பெல்லர்ல ஒரு இதழ் காணோம்

போன மாசம் போட்ல போய்க்கிட்டு இருக்கப்போ மோட்டார் பின்னாடி எப்பவும் பீச்சியடிக்கிற தண்ணி திடீர்னு நூல் மாதிரி சன்னமாயிடுச்சு. உடனே ஆஃப் பண்ணிட்டு துடுப்பு போட்டே கரைக்கு வந்துட்டேன். மோட்டாரை குளிர வைக்கிற தண்ணி ஓடுதுன்னு காட்டுறதே அந்த பீச்சுதான், என்னைக் கேட்டா அதுதான் அவுட்போர்டுக்கு, அதாவது போட் பின்னாடி மாட்டுற மோட்டாருக்கு நாடி, அது குறைஞ்சா இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு ஓட்டவே கூடாது, சூடு ஏறி எஞ்சின் தலைக்கு அடியில இருக்கிற ஹெட் கேஸ்கெட்ங்கிற அடைப்பு போச்சுன்னா செலவு எங்கேயோ போயிடும்.

என்னோடது 15 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக். தண்ணி பம்பு இருக்கிறது கீழ்ப்பகுதிலதான், அதை கழட்டணும்னா முதல்ல கியர் ராடை விடுவிக்கணும், அப்புறம் போல்ட்டுங்க, ஆனா உப்புத்தண்ணில கிடந்த போல்ட்டு அவ்வளவு லேசுல வராது. முறுக்கினா தலை மட்டும் கையோட வந்துடும்னு பயந்து துரு இளக்குற ஆயிலை அடிச்சு ஒரு ராத்திரி முழுக்க ஊற விட்டேன், காலைல ஹீட் கன் காட்டினதும் ஒவ்வொண்ணா அசைஞ்சு கொடுத்துச்சு. பம்பை திறந்து பாத்தா தண்ணியை மேல தள்ளுற ரப்பர் சக்கரமான இம்பெல்லர்ல ஆறு இதழ்ல ஒண்ணு இல்லவே இல்ல, மீதி அஞ்சும் ஒரே பக்கமா வளைஞ்சு இறுகிப் போயிருக்கு.

இங்கதான் நிறைய பேர் புது இம்பெல்லரை போட்டு மூடிடுறாங்க. உடைஞ்ச துண்டு எங்க போச்சு? அது தண்ணி போற பாதைலதான் எங்கயோ அடைச்சுக்கிட்டு இருக்கும், அதை எடுக்காம விட்டா புது பம்பு போட்டும் சூடாகும். நான் தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டுக்கு ஏத்த மாதிரி தண்ணியை விடுற வால்வை கழட்டிப் பாத்தேன், அங்க உப்புப் படிவம்தான் இருந்துச்சு, கடைசில மேல போற தண்ணிக் குழாயோட வாய்ல மாட்டியிருந்துச்சு, இடுக்கி வச்சு எடுத்தேன். அந்த கருப்பு ரப்பர் துண்டை கையில வச்சுப் பாத்தப்போதான் எனக்கு நிம்மதி வந்துச்சு.

புதுசை மாட்டும்போது சோப்புத் தண்ணி தடவி ஷாஃப்ட்டை, அதாவது மோட்டார்ல இருந்து கீழ வர்ற சுழல்தண்டை அது ஓடுற திசைல, அதாவது மேலருந்து பாத்தா வலஞ்சுழியா சுத்திக்கிட்டே இறக்கணும், அப்பதான் இதழ் சரியான பக்கம் மடங்கும். ஷாஃப்ட் பல்லுல கிரீஸ் தடவலாம், ஆனா உச்சில அப்பக்கூடாது, உள்ள முழுசா உட்காராது.

கியர் ஆயிலை வடிச்சா பால் மாதிரி வெள்ளையா வந்துச்சு, அப்படின்னா உள்ள தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். ப்ரொப்பெல்லருக்குப் பின்னாடி தூண்டில் நரம்பு சுத்தி சீலையே அறுத்திருந்துச்சு. சீல் மாத்திட்டு ஆயிலை கீழ் ஓட்டை வழியா ஏத்தினேன், மேல் ஓட்டைல வழியுற வரைக்கும், அப்பதான் உள்ள காத்து நிக்காது.

இனி அப்கிரேட் கதை. ரொம்ப நாளா 20 ஹெச்பி வாங்கணும்னு இருந்தேன், ரெண்டு பேர் ஏறினாலே போட் மூக்கைத் தூக்கிக்கிட்டு இழுக்க மாட்டேங்குது. வாங்குறதுக்கு முன்னாடி மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து (ஆர்பிஎம்) சுத்துதுன்னு காட்டுற டேக்கோமீட்டர் ஒண்ணு மாட்டிப் பாத்தேன். ஃபுல் த்ராட்டில்ல 4700 ஆர்பிஎம்தான் வருது, மேனுவல்ல 5000ல இருந்து 6000 வரணும்னு போட்டிருக்கு. மோட்டார்ல பலம் இல்லாம இல்ல, ப்ரொப்பெல்லர் பிட்ச்தான், அதாவது ஒரு சுத்துக்கு அது முன்னாடி போகக்கூடிய தூரம்தான் என் லோடுக்கு அதிகம். பிட்ச் 1 இன்ச் குறைச்சா சுமார் 150லருந்து 200 ஆர்பிஎம் ஏறும், அதனால 11 இன்ச் பிட்ச் ப்ரொப்பெல்லரை எடுத்துட்டு 9 இன்ச் போட்டேன். இப்ப அதே ரெண்டு பேரோட 5100 தொடுது, போட் சட்டுனு எழும்பி தண்ணி மேல சறுக்கிட்டுப் போகுது. தனியா போறப்போ மட்டும் 6000 தாண்டாம த்ராட்டிலை கவனிச்சுக்கிறேன். பெரிய மோட்டார் யோசனையே இப்ப இல்ல, இந்த போட்டோட பின்பலகை தாங்குற எடைக்கும் அது ஒத்து வராது.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, கரைல டெஸ்ட் பண்றப்போ தண்ணி கனெக்‌ஷன் இல்லாம ஸ்டார்ட் பண்ணாதீங்க, காஞ்சு சுத்தினா புது இம்பெல்லர் கொஞ்ச நேரத்துலயே தேஞ்சுடும். நான் ஹோஸ் மாட்டி பத்து நிமிஷம் ஓட விட்டேன், தண்ணி பழையபடி விரல் தடிமனுக்கு பீச்சியடிச்சுச்சு.