முருகேசன் சான்

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய்

இசேசாகியில் இன்று 41.8 டிகிரி. ஜப்பானில் இதுவரை பதிவானதிலேயே இதுதான் அதிகமாம். டிவியில் மதியத்திலிருந்து அதே செய்திதான். எனக்கோ இந்த அறையில் குளிர்கிறது. போர்வைக்கு ஜப்பானிய மொழியில் என்ன சொல்வார்கள் என்று தெரியும், பதற்றத்தில் வாயில் வரவில்லை.

காலையில் பார்த்த ரத்தம் ஒரு ஸ்பூன் அளவு இருக்கும். அதற்கே ஆம்புலன்ஸ். இனி பிரசவம் முடிந்துதான் வீடு என்று டாக்டர் சொன்னதை இவர் மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டார். மூன்று தடவையும் அதே பதில், அதே புன்னகை.

கையில் பட்டை கட்டியிருக்கிறார்கள். அதில் என் பெயர் இல்லை.

ஆகஸ்ட் 6

பட்டையில் இருப்பது அப்பா பெயர். பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடாதே என்று யாரோ சொல்ல, அப்பா பெயரைப் போட்டு வைத்தோம். இந்த ஊரில் அதுவே நான் ஆகிவிட்டேன். காலை 6 மணிக்கு நர்ஸ் திரையை விலக்கி, மரியாதைக்கு இங்கே சேர்க்கிற சான் போட்டு, "முருகேசன் சான்" என்று கூப்பிட்டார். ஆறு வருஷமாக யாரும் சத்தமாகக் கூப்பிடாத பெயர். சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்து உட்காரக் கூடாது. திட்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 8

நஞ்சுக்கொடி கீழே இறங்கி வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்கு இப்படித்தான் போனில் விளக்கினேன். அம்மா அழுதாள், அப்புறம் அங்கே சாப்பாட்டில் மீன் போடுகிறார்களா என்று கேட்டாள்.

குட்டை முடி நர்ஸ் படம் வரைந்து காட்டினார். முடிக்கும்போது ஆறுதலாக ஒன்று சொன்னார்: சக்கரவர்த்தியின் தம்பி மனைவி கிகோ இளவரசிக்கும் இதே பிரச்சினைதான். 2006 ஆகஸ்ட் 16 அன்றே டோக்கியோவில் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். மூன்று வாரம் படுக்கை. செப்டம்பர் 6 காலை 8.27-க்கு சிசேரியன். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் சிசேரியன் நடந்ததில்லையாம். பையன் 2558 கிராம்.

"அந்தப் பையன்தான் இப்போது நம்ம சுகுபா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாரே" என்றார், தானே பெற்று வளர்த்த மாதிரி.

தெரியும். ஏப்ரலிலிருந்து அத்தை ஞாயிறுதோறும் கேட்கிற முதல் கேள்வி அது. "இளவரசரப் பாத்தியா?"

2558. எங்கள் ஆள் இன்றைய ஸ்கேனில் 1850.

ஆகஸ்ட் 10

இல்லை அத்தை, பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 12

குழந்தை பிறந்து 14 நாளுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். இவர் படிவத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். முதல் கட்டமே குடும்பப் பெயர். இவருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. இவர் பெயரைப் போட்டால் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் குழந்தையை "செல்வகுமார் சான்" என்பார்கள். அப்பா பெயரைப் போட்டால் அத்தை என்னைச் சும்மா விடமாட்டார். ஒரு மணி நேரம் இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். ரத்த அழுத்தம் ஏறி, காரணம் கேட்டார்கள். காரணத்தைச் சொல்லும் அளவுக்கு என் ஜப்பானிய மொழி இல்லை.

இந்த நாட்டுக்காரர்களில் குடும்பப் பெயர் இல்லாமலேயே வாழ்கிற ஒரே குடும்பம் அரச குடும்பம்தான். மற்ற ஜப்பானியர் எல்லாருக்கும் குடும்பப் பதிவேடு இருக்கிறது. இவர்களுக்கு கோதோஃபு என்று தனி ஏடு. சக்கரவர்த்தி வெறும் நருஹிட்டோ. கிகோவின் பையனுக்கும் ஹிசாஹிட்டோ என்று எழுதினால் அதுதான் முழுப் பெயர். முன்னால் ஒட்டிக்கொள்ளும் அகிஷினோ அவர் அப்பாவுக்குக் கொடுத்த பட்டம். இன்ஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாமா? தென்காசியில் என் வகுப்பில் எல்லாருமே அப்படித்தானே இருந்தோம்.

ஆளுக்கொரு செடியோ மரமோ அடையாளமாக உண்டு. சொந்தப் பொருள்களில் பெயருக்குப் பதில் அதைப் போட்டுக்கொள்வார்கள். ஹிசாஹிட்டோவுக்கு கோயாமாகி என்கிற ஊசியிலை மரம், சக்கரவர்த்தியின் மகள் ஐகோவுக்கு ஒரு வெள்ளைப் பூ. ஹிசாஹிட்டோவின் அக்கா மாகோ 2021-இல் சாதாரண ஆளைக் கல்யாணம் செய்துகொண்டு வெளியேறியபோதுதான், 30 வயதில், முதல்முறையாக அவருக்குக் குடும்பப் பெயர் வந்தது. கட்டத்தை நிரப்பும்போது கை நடுங்கியிருக்குமா?

பதிவேட்டில் இல்லையென்றால் ஓட்டும் இல்லை. ஜூலை 20 தேர்தலில் வளாகத்தில் 18 தாண்டிய ஜப்பானியப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓட்டு இருந்தது, ஹிசாஹிட்டோவுக்கு இல்லை. எனக்கும்தான் இல்லை. ஆனால் என்னிடம் யாரும் மைக்கை நீட்டி நாட்டைப் பற்றிக் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 16

2006-இல் கிகோ சேர்ந்த நாள். எனக்குப் பன்னிரண்டாவது நாள்.

என் ரத்தத்தையே 400 மில்லி எடுத்து எனக்கே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சையன்று தேவைப்பட்டால் திருப்பி ஏற்றுவார்களாம். பையில் எழுதியிருப்பது முருகேசன்.

2005 நவம்பரில் ஒரு நிபுணர் குழு, பெண்ணும் சிம்மாசனம் ஏறலாம் என்று பரிந்துரை கொடுத்தது. அப்போது ஐகோவுக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. அப்போதைய பிரதமர் கொய்சுமியின் அரசாங்கம் மசோதாவுக்குத் தயாரானது. பிப்ரவரியில் கிகோ உண்டாகியிருக்கும் செய்தி வந்தது, மசோதா அப்படியே நின்றுபோனது. இன்னும் ஆணா பெண்ணா என்றே தெரியாத ஒரு பிண்டம், வயிற்றுக்குள் இருந்தபடியே ஒரு சட்டத்தை நிறுத்திவிட்டது. 41 வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் பிறந்த முதல் ஆண் என்று, செப்டம்பரில் பிறந்த மறுநாள் பேப்பர்களில் கொட்டை எழுத்து.

என்ன குழந்தை என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். அத்தைக்குத் தெரியாது. "நம்ம வீட்டுல தலைச்சன் எப்பவும் பையன்தான்" என்று நேற்றும் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 18

2090. டாக்டர் நல்ல எடை என்றார்.

ஆகஸ்ட் 21

ஜப்பானிய மொழி சொல்லித்தரும் மாணவி பார்க்க வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம். ஏப்ரல் 5 நுழைவு விழா அன்று வளாகத்தில் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறாள், கூட்டத்தில் எதுவும் தெரியவில்லையாம். அப்புறம் இளவரசரைப் பார்த்தாயா என்றால் பேச்சை மாற்றிவிடுகிறாள். அங்கே எல்லாரும் அப்படித்தான், யாரும் போன் தூக்குவதில்லை என்றாள். பிடித்திருந்தது. அத்தையிடம் சொன்னால் புரியாது.

உயிரியல் படிக்கிறார் என்பது அவளுக்குச் சாதாரண விஷயம். எனக்கு ஆச்சரியம் அந்தத் தட்டான் கட்டுரைதான். அகாசாகா அரண்மனை வளாகத்தில் இருக்கும் தட்டான்களைப் பல வருஷம் கணக்கெடுத்து, இரண்டு பேரோடு சேர்ந்து 2023-இல் அறிவியல் அருங்காட்சியக இதழில் எழுதியிருக்கிறார். 38 வகை. அப்போது அவர் பள்ளிக்கூட மாணவர். டோக்கியோவின் நடுவில், வேலிக்குள்ளே வளர்ந்த பையனுக்கு உள்ளேயும் வெளியேயும் இஷ்டத்துக்குப் பறந்து போய்வருகிற பூச்சியைப் பிடித்திருக்கிறது. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

நாங்கள் தட்டானைப் பிடித்தால் வாலில் நூல் கட்டுவோம். தரையில் வைத்துக் கல் எடுக்க விடுவோம். ஆறு காலாலும் கல்லைக் கட்டிக்கொண்டு தூக்கும். சின்னக் கல்லைத் தூக்கிவிட்டால் அதைவிடப் பெரிய கல். அண்ணன் ஒருமுறை புளியங்கொட்டை அளவு வைத்தான். அதையும் தூக்கியது. நாங்கள் கைதட்டினோம்.

ஆகஸ்ட் 24

இவர் வாஷிங் மெஷினில் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றிவிட்டார். வீடு முழுக்க நுரை. வீடியோ காலில் காட்டினார். சிரிக்கக் கூடாது, வயிறு இறுகும். சிரித்துவிட்டேன்.

நருஹிட்டோ 1983-இல் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போனபோது இதே கதை. விடுதி மெஷினில் துணியை அடைத்து, நுரை பொங்கி வெளியே வந்ததை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். தேம்ஸ் நதியில் அந்தக் காலத்துப் படகுப் போக்குவரத்துதான் அவர் ஆராய்ச்சி. சக்கரவர்த்தியே செய்திருக்கிறார், நீங்கள் செய்தால் என்ன என்றேன். இவருக்கு ஒரே சந்தோஷம்.

ஆகஸ்ட் 27

மறுபடி கசிவு. இரவு முழுக்க சொட்டு மருந்து. கை நடுக்கம், எழுத்து கோணல்.

ஹிசாஹிட்டோவின் இன்னொரு அக்கா காகோ ஒரு பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு, வேறு ஒன்றில் முதலிலிருந்து தொடங்கி, 2019-இல் முடித்தார். இப்போது காது கேளாதோர் அமைப்பில் வேலை, சைகை மொழியில் பேசுகிறார். நான் திருச்சியில் விட்டுவந்தது விட்டதுதான். எதற்கு இன்று அது ஞாபகம் வருகிறது.

ஆகஸ்ட் 30

எதிர்க் கட்டில் அம்மா ஐகோ கட்சி. அலமாரியில் பத்திரிகைப் படம் வெட்டி ஒட்டியிருக்கிறார். என் அரைகுறை மொழிக்கு ஏற்ற மாதிரி மெதுவாகச் சொல்கிறார், நானும் தலையாட்டுகிறேன்.

2020 ஏப்ரலில் கல்லூரி சேர்ந்த பிள்ளை. கொரோனா. முதல் மூன்று வருஷம் ஏறக்குறைய முழுக்க கம்ப்யூட்டர் முன்னாலேயே. நாலாவது வருஷம்தான் வகுப்பில் போய் உட்கார்ந்தார். ஷிகிஷி என்ற பழைய காலத்து இளவரசியின் கவிதைகளைப் பற்றி ஆய்வேடு. 2024 மார்ச்சில் பட்டம், ஏப்ரல் 1-ஆம் தேதி செஞ்சிலுவைச் சங்கத்தில் வேலை. இந்த மே மாதம் நோட்டோவில் நிலநடுக்கத்தில் வீடு இழந்தவர்களைப் பார்க்கப் போனார். அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே போயிருக்க வேண்டியது, அங்கே வெள்ளம் வந்து தள்ளிப்போனது.

20 வயது சடங்குக்குப் புதுக் கிரீடம் செய்யவில்லை. ஊரே கஷ்டத்தில் இருக்கும்போது வேண்டாம் என்று தன் அத்தையின் கிரீடத்தை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார் என்று சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. எனக்கும். ஹார்மோன்.

அப்புறம் அவர் கேட்டார், ஐகோ சாமா ஏன் சக்கரவர்த்தி ஆகக் கூடாது? நான் வெளிநாட்டுக்காரி, எனக்கென்ன தெரியும் என்று கையை விரித்தேன். வயிற்றுக்குள் ஓர் உதை.

செப்டம்பர் 2

பெயர் முடிவாகவில்லை. அரண்மனையில் ஏழாம் நாள் பெயர் சூட்டு. அன்று குழந்தையைக் குளிப்பாட்டும்போது ஒருவர் பழைய நூலை வாசிப்பார், இரண்டு பேர் அம்பில்லாத வில்லின் நாணை இழுத்து இழுத்து விடுவார்கள், தீயது அண்டாமலிருக்க. நம் வீட்டில் வேப்பிலையும் துடைப்பமும். சத்தம் கிடையாது, மற்றபடி அதே பயம்தான்.

செப்டம்பர் 4

தேதி வந்துவிட்டது. 10, புதன், காலை. 8-ஆம் தேதியிலிருந்து மகாளய பட்சம், நல்ல காரியம் எதுவும் கூடாது என்கிறார் அத்தை. டாக்டருக்கு மகாளய பட்சம் தெரியாது. நானும் மொழிபெயர்க்கவில்லை.

செப்டம்பர் 5

புயல். நாள் பூராவும் மழை, ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. நாளைக்கு அரண்மனையில் சடங்கு. குதிரை வண்டி போகுமா? எனக்கேன் கவலை.

செப்டம்பர் 6, சனி

வெயில். புயல் வந்த சுவடே இல்லை.

ஹிசாஹிட்டோவுக்கு இன்று 19. வயது வந்ததற்கான சடங்கு போன வருஷமே நடந்திருக்க வேண்டும், பள்ளிப் படிப்புக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று ஒரு வருஷம் தள்ளி வைத்தார்கள். அப்பாவுக்கு 1985-இல் நடந்தது. நடுவில் 40 வருஷம் இப்படி ஒரு சடங்குக்கு ஆண்பிள்ளை இல்லை.

எதிர்க் கட்டில் அம்மா, குட்டை முடி நர்ஸ், நான். ஒரே டிவி. பையன் பழைய காலத்து உடையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தலையில் கறுப்புக் கிரீடத்தை வைத்து, வெள்ளைக் கயிற்றைத் தாடைக்குக் கீழே கட்டினார்கள். அப்புறம் முடிச்சுக்கு மேல் மிஞ்சியதைக் கத்தரிக்கோலால் நறுக்கினார்கள். அந்த "பச்" சத்தம் டிவியிலேயே கேட்டது. கத்தரி தாடைக்குப் பக்கத்தில் வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சிமிட்டவில்லை என்று நர்ஸ் சொன்னார்.

பிறகு கறுப்பு உடை மாற்றி, குதிரை வண்டியில் அரண்மனைக் கோயில்களுக்கு. ஐந்து வயதில் ஒரு சடங்கு நடந்தபோது 'கோ' விளையாட்டுப் பலகை மேல் நிற்க வைத்துக் குதிக்கச் சொன்னார்கள். இப்போது கயிறு. 16 பேர் இருக்கும் குடும்பத்தில் கடைக்குட்டி அவர்தான். 19 வருஷமாக அந்த வீட்டில் இன்னொரு குழந்தை பிறக்கவேயில்லை.

அந்த அம்மா எதுவும் பேசாமல் ஆரஞ்சு உரித்து மூன்று பேருக்கும் கொடுத்தார். பையனின் அம்மா கிகோவை டிவியில் ஒரு நொடி காட்டினார்கள். நான் பையனைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். 8.27.

அத்தைக்கு போன் போட்டேன். "பாத்துட்டேன் அத்தை. டிவியில."

செப்டம்பர் 8

முழு சந்திர கிரகணம். இங்கே அதிகாலை 2.30-லிருந்து நிலா செம்பு நிறம். அம்மா நேற்று மாலையே எச்சரித்துவிட்டாள்: வெளியே பார்க்காதே, நகம் வெட்டாதே, கையில் கத்தி எடுக்காதே. புதன்கிழமை எடுக்கப்போகிறவர்களுக்கு யார் சொல்வது.

3 மணிக்கு நர்ஸ் வந்து, தூங்கவில்லையா, வெளியே ரொம்ப அழகாக இருக்கிறது, திரையைத் திறக்கட்டுமா என்றார். வேண்டாம் என்று சொன்னேன். அவர் போன பிறகு நானே கையை நீட்டி ஒரு விரல் அளவு விலக்கினேன். நல்லெண்ணெய்ப் பாட்டிலின் அடியில் பார்க்கிற மாதிரி ஒரு நிறம். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன்.

பகலில் செய்தி: ஹிசாஹிட்டோ இசே கோயிலுக்குப் போய், வயது வந்ததை முன்னோருக்குச் சொல்லிவிட்டு வந்தார். நாளைக்கு ஹாசியோஜியில் கொள்ளுத்தாத்தா சமாதி. கோடை விடுமுறை இப்படிப் போகிறது.

நானும் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். இங்கே சமாதியுமில்லை, படமுமில்லை. கைப்பட்டை இருக்கிறது.

செப்டம்பர் 9

2540. பதினெட்டு கிராம் குறைவு. ஸ்கேன் கணக்கு முன்னே பின்னே இருக்கும் என்றார்கள்.

இவர் படிவத்தோடு வந்தார். முதல் கட்டத்தில் பென்சிலால் அவர் பெயரை எழுதி, அழித்து, என் அப்பா பெயரை எழுதி, அழித்து, தாளே மெலிந்துவிட்டது. இன்னொன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். பெயர் மட்டும் முடிவாகிவிட்டது, இங்கே எழுதமாட்டேன், அத்தை மகள் இதைப் படிக்கிறாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு சிவப்புத் தட்டான், கம்பியில் அப்படியே உட்கார்ந்திருந்தது, ஒரு கால் மணி நேரம் இருக்கும்.

9 மணிக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாதாம். இப்போது 8.50. ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.